கஸ்பார் கொண்டுபோன நான்கு துண்டுகள்

"முன்முடி இன்னமும் கோணலாத்தான் இருக்கு பாத்தியா. மூணு வருசமா நானும் பாக்கேன்" என்று மினிபஸ்ஸில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் தன் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அவள் சொன்னது முன் படிக்கருகே கம்பியைப் பிடித்து நின்ற ஜெனிட்டாவைப் பற்றி. பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, "அவ அப்பன் வெட்டுனதுல்லா. அவன் வந்துதான் நேராக்கணும்" என்றாள். பிறகு இருவரும் அன்றைக்குச் சாளை மீன் வந்ததா வரவில்லையா என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நடத்துநர் எப்போதும்போல ஜெனிட்டாவுக்கு அரை டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பஸ் உப்பளங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது.

எங்கள் ஊரான கருவேலந்துறையில் அது பேச்சாக இருந்த காலம் முடிந்து வழக்கமாகிவிட்டிருந்தது. பதினோரு வயதும் எட்டு மாதமும் ஆன நாளில் ஒரு பிள்ளை நின்றுபோய், மூன்று வருடமாக அதே உயரத்திலேயே, அதே நகத்தோடும் அதே முடியோடும், ஆடிக்கொண்டே விழாமல் இருக்கிற ஒரு கடைவாய்ப் பல்லோடும் இருக்கிறாள் என்றால், கடல் சில வருடம் உள்ளே போவதையும் சில வருடம் தெருவரைக்கும் வருவதையும் ஏற்றுக்கொண்டவர்கள் இதையும் ஏற்றுக்கொண்டார்கள். ஏன் என்று கேட்ட வெளியூர்க்காரர்களுக்கு, "துண்டு அவ அப்பன்கிட்ட இருக்குல்லா" என்று, ரேஷன் கடை பூட்டியிருப்பதற்குக் காரணம் சொல்வதுபோலச் சொன்னார்கள்.

அந்தத் துண்டு ஒரு துப்பாக்கியின் துண்டு.

உப்பு மூட்டைகள் அடுக்கிவைத்த பழைய கிட்டங்கி ஒன்றைக் கூட்டிப் பெருக்கி, பத்து மீட்டர் தூரத்தில் வரிசையாக அட்டைகளைத் தொங்கவிட்டு, பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியை சண்முகவடிவு டீச்சர் துப்பாக்கி சுடும் கிளப் ஆரம்பித்தபோது, அங்கே வந்த காற்றுத் துப்பாக்கிகள் எல்லாம் பெரிய ஆண்களின் தோளுக்கும் கைக்கும் செய்யப்பட்டவையாக இருந்தன. அட்டைகளில் விழுந்த ஓட்டைகளைப் பார்த்து மதிப்பெண் எழுதுகிற வேலை எனக்கு. டிகிரி முடித்து வீட்டில் இருந்தவளை டீச்சர்தான் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார், பேசவேண்டியதில்லை, எழுதினால் போதும் என்பதால் நானும் உட்கார்ந்தேன். ஒன்பது வயதில் வந்த ஜெனிட்டா அந்தப் பெரிய துப்பாக்கியை, இடுப்பில் நிறைகுடம் வைத்தவள் மாதிரிப் பின்னால் சாய்ந்து, கழுத்தை நீட்டித் தூக்கிப் பிடிப்பாள். அப்படியும் அவள் அட்டையில் ஓட்டைகள் நடுவைச் சுற்றியே விழும். "தோள்ல வைக்கிற மரக்கட்டையை இவ உடம்புக்குன்னு செஞ்சாத்தான் இவ யாருன்னு தெரியும்" என்று டீச்சர் இரண்டு வருடம் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் நயினாரிடம் போனார்.

நயினார் அரசு மருத்துவமனையில் செயற்கைக் கால் பிரிவில் வேலை பார்த்துவந்தார். காலில்லாத பிள்ளைகளுக்குக் கால் செய்வதும், அந்தப் பிள்ளைகள் வளர வளர அந்தக் காலை நீட்டிக் கொடுப்பதும் அவர் வேலை. மரத்தை உடம்போடு சேர்க்கத் தெரிந்தவர் என்று சுற்று வட்டாரத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

அளவெடுத்த அன்றைக்கு ஜெனிட்டாவின் அப்பா கஸ்பாரும் வந்திருந்தார். சரக்குக் கப்பலில் வேலை. ஒன்பது மாதம் கடல், ஆறு வாரம் வீடு. ஆறு வாரத்தில் அது நாலாவது வாரம். ஜெனிட்டாவின் அம்மா பிலோமி, பிள்ளையின் கையை நீட்டச் சொன்ன உடனேயே, "வளர்ற பிள்ளை அண்ணாச்சி, ரெண்டு இஞ்சு விட்டு வெட்டுங்க" என்றாள்.

எங்கள் ஊரில் அதைத்தான் சொல்வார்கள். சீருடைப் பாவாடைக்கு உள்ளே மூன்று மடிப்பு இருக்கும். சட்டையின் தோள் முழங்கையில் கிடக்கும். ஷூவுக்குள் பஞ்சு இருக்கும். பிள்ளைகள் துணிக்குள் நீந்திக்கொண்டே பள்ளிக்கூடம் போவார்கள், துணி சரியாக வந்து பொருந்துகிற வருடத்தில் அது நைந்து போயிருக்கும்.

"இது பாவாடை இல்லம்மா" என்றார் நயினார். "ரெண்டு இஞ்சு கூடுனா பிள்ளை பின்னால சாயும், கழுத்து நீளும், குண்டு கூரைக்குப் போவும். இன்னைக்கு இருக்கிற உடம்புக்கு இன்னைக்கு வெட்டணும். நாளைக்கு வளந்தா நாளைக்குப் பாப்போம்."

அவர் ஜெனிட்டாவின் வலது முழங்கையை மடக்கி, மடிப்பிலிருந்து ஆட்காட்டி விரலின் முதல் கணு வரைக்கும் அளந்தார். பதினொன்றே கால் இஞ்சு. பூவரசங்கட்டையைச் செதுக்கி, கன்னம் உட்காருகிற இடத்தில் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்து, பிள்ளையைக் கன்னம் வைக்கச் சொல்வார். கன்னத்தில் வெள்ளை ஒட்டிய இடம் உயரம், ஒட்டாத இடம் பள்ளம். மறுபடி செதுக்குவார், மறுபடி தேய்ப்பார். பதினோரு நாள் அப்படிப் போனது. பன்னிரண்டாவது நாள், "கண்ணை மூடிக்கிட்டுத் தூக்கு" என்றார். அவள் மூடிக்கொண்டு தூக்கித் தோளில் வைத்தாள். "இப்பத் திற" என்றார். திறந்தபோது குறிபார்க்கும் துளைக்கு நடுவில் அட்டையின் கறுப்பு வட்டம் ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தது என்றும், தான் எதுவும் செய்யவில்லை என்றும் அவள் பிறகு என்னிடம் சொன்னாள்.

அதே பலகையிலிருந்து அரை இஞ்சுத் தடிமனில் நான்கு துண்டுகள் அறுத்து, இரண்டிரண்டு துளை போட்டு, பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதி நயினார் மேசைமேல் வைத்தார். "வருசத்துக்கு ஒண்ணு. தோள்ல இடிக்க ஆரம்பிச்சா, பின்னால இந்த ரெண்டு திருகைக் கழட்டி நடுவுல ஒண்ணை வச்சு முறுக்கிரணும். நாலு போட்டா முழுப் பொம்பளை அளவு."

பிலோமி எடுக்கக் கை நீட்டினாள். கஸ்பார் முந்திக்கொண்டார்.

"இது என்கிட்ட இருக்கட்டும். நான் வந்து வைக்கேன்."

"நீங்க ஒம்பது மாசம் கழிச்சு வருவீய, அதுவரைக்கும் பிள்ளை தோள் இடிச்சுக்கிட்டு நிக்குமா?"

"நிக்கட்டும். நான் போறப்ப தவழ்ந்தா, வாறப்ப நடந்தா. போறப்ப முன்பல்லு ரெண்டும் இல்ல, வாறப்ப முளைச்சு நிக்கி. விழுந்த பல்லுல ஒண்ணையாவது எனக்குன்னு வச்சிருந்தியா நீ?"

"பல்லை ஓட்டுமேல போடாம பீரோவுலயா வைப்பாவ" என்றாள் பிலோமி. நயினார் சிரித்தார். கஸ்பார் சிரிக்காமல் நான்கு துண்டுகளையும் தன் நீலக் கட்டம்போட்ட கைக்குட்டையில் வைத்துக் கட்டிக்கொண்டார்.

புறப்படுகிற அன்று, பிள்ளையின் முன்முடி கண்ணில் விழுகிறது, குறிபார்க்க இடைஞ்சல் என்று, மீன் அறுக்கிற கத்தரியை எடுத்து அவரே வெட்டிவிட்டார். கார் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த அவசரத்தில் இடது பக்கம் மேலேயும் வலது பக்கம் கீழேயும் போய்விட்டது. வாயைத் திறக்கச் சொல்லி, ஆட ஆரம்பித்திருந்த கடைவாய்ப் பாற்பல்லை விரலால் தொட்டுப் பார்த்தார். "இதையாவது நான் பாக்கணும். ஏட்டி, நான் வாறவரைக்கும் இந்த அளவு அப்பிடியே இருக்கணும், என்ன" என்றார். ஜெனிட்டா தலையை ஆட்டினாள்.

முதலில் கண்டுபிடித்தது நகவெட்டி. மூன்று மாதமாக அது டப்பாவிலிருந்து வெளியே வரவே இல்லை என்பது பிலோமிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தோன்றியது. பிறகு தையல்காரர், ஜூன் மாதம் அளவெடுத்துவிட்டுப் போன வருடத்து நோட்டைப் புரட்டி, நாடாவைச் சந்தேகப்பட்டு, புது நாடா வாங்கிவந்து மறுபடி அளந்தார். மருத்துவமனையில் எலும்பைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எல்லாம் நல்லா இருக்கு, பதினோரு வயசு எலும்பு என்றார். பன்னிரண்டரை ஆகிறதே என்றதற்கு, எலும்புக்கு அது தெரியலை என்றார்.

ஒன்பது மாதத்தில் வரவேண்டிய கஸ்பாரும் வரவில்லை. கப்பல் முதலாளி கப்பலைக் கைவிட்டுவிட்டுக் காணாமல் போயிருந்தார். ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே, கரை தெரிகிற தூரத்தில், கப்பல் நங்கூரத்தில் நின்றது. விற்றுத் தீர்கிறவரைக்கும் ஆளில்லாமல் விடக்கூடாது என்று அந்த நாட்டுச் சட்டம் சொன்னது. இருந்த பதினான்கு பேரில் ஒவ்வொருவராக யாரையாவது பிடித்து ஊருக்குப் போக, மூத்தவர் என்பதால் கஸ்பார் இருக்கவேண்டியதாகிவிட்டது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் கொண்டுவருகிற படகுக்காரனின் பட்டன் போனில் பத்து நிமிடம் பேசுவார். கைக்குட்டை அவர் தலையணைக்கு அடியில் இருந்தது.

இரண்டாவது வருடம் ஜெனிட்டாவே நயினாரிடம் போய், வேறு துண்டு செய்து தரச் சொன்னாள். அவர் அரை மனதோடு செய்து கொடுத்தார். வைத்து முறுக்கினார்கள், துப்பாக்கி நீண்டது, பிள்ளை நீளவில்லை. ஒரு வாரம் கழுத்தை நீட்டிக்கொண்டு சுட்டாள், ஓட்டைகள் அட்டையின் ஓரத்துக்குப் போயின, கழற்றிவிட்டார்கள். "அன்னைக்கு அளவெடுத்த உடம்புக்கு அன்னைக்கு அறுத்த துண்டு வேணும்" என்றார் நயினார். அதற்குப் பிறகு மருத்துவமனையில் எந்தப் பிள்ளைக்குக் கால் மாட்டினாலும், வார் இழுத்துக் கட்டியதும் குனிந்து, "வளரணும், என்ன" என்று அதன் காதில் சொல்லிவிட்டுத்தான் இறக்கிவிட்டார்.

ஊர் மெல்ல மெல்ல அவளைச் சுற்றித் தன்னை வளைத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் அவளை வகுப்பு ஏற்றிக்கொண்டே போனார்கள், முதல் பெஞ்சும் அவளோடு வகுப்பு மாறிக்கொண்டே போனது. கோயிலில் கிறிஸ்துமசுக்கு வானதூதச் சம்மனசு வேஷத்துக்கு ஆள் தேடுகிற வேலை இல்லாமல் போனது, மூன்று வருடமும் அதே இறக்கை, அதே ஊக்கு. போலீஸ் தேர்வுக்கு ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்த இளைஞர்கள் நயினார் வீட்டு வாசலில் வந்து நின்று, தங்கள் கைக்கு நீளமாக ஒரு கட்டை செய்து தந்தால் உடம்பு அதை எட்டிப் பிடித்துவிடாதா என்று கேட்டார்கள். "நான் கால் செய்றவன்டே, ஆள் செய்றவன் இல்ல" என்று அவர் கதவைச் சாத்தினார். தாய்மார்கள் வேறு விதமாக வந்தார்கள். இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எதுவும் கேட்காமல் கொஞ்சநேரம் நின்று, "ஒரே ஒரு வருசம் அண்ணாச்சி, இந்த மழலைப் பேச்சோட" என்று சொல்லிவிட்டு, தாங்களே வெட்கப்பட்டுத் திரும்பிப் போனார்கள். மகன் சவுதிக்குப் போக டிக்கெட் வந்த ஒருத்தி மட்டும் நெடுநேரம் போகாமல் நின்றாள்.

அதற்குள் பதக்கங்கள் வர ஆரம்பித்திருந்தன. சுடுகிற பிள்ளைகளுக்கு எமன் வளர்ச்சிதான் என்று டீச்சர் சொல்வார். போன மாதம் பழகிய கை இந்த மாதம் வேறு கையாகிவிடும், கால் மாறும், மூச்சு மாறும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். ஜெனிட்டாவுக்கு எதுவும் மாறவில்லை. நான் அவள் அட்டைகளில் பத்து, பத்து, பத்து என்று எழுதிக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் அட்டையைப் பார்க்காமலே எழுதியிருக்கலாம். போட்டிகளில் அதிகாரிகள் பிறப்புச் சான்றிதழையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, வயது அதிகமாக இருந்தால்தானே குற்றம், உயரம் குறைவாக இருப்பதற்கு விதி இல்லையே என்று கையெழுத்துப் போட்டார்கள். மாவட்டத்தில் தங்கம், மண்டலத்தில் தங்கம். கிட்டங்கிக்குப் புதுக் கூரை வந்தது. பஸ் நிறுத்தத்தில் அவள் படம் போட்ட தட்டி வந்தது, படத்திலும் முன்முடி கோணல்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கஸ்பார் நல்லபடி வந்துசேரவேண்டும் என்று எல்லோரும் வேண்டிக்கொண்டார்கள். மாநிலப் போட்டி முடிந்தபிறகு என்று மனசுக்குள் சேர்த்துக்கொண்டார்கள்.

ஜெனிட்டா கிட்டங்கியின் குறுக்கு உத்தரத்தில் தொங்குவாள். சுட்டு முடித்து மற்றப் பிள்ளைகள் போனபிறகு, நாற்காலிமேல் ஏறி உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியைக் காலால் தள்ளிவிடுவாள். நூறு எண்ணச் சொல்வாள், நான் எண்ணுவேன். அவளோடு ஒரே பெஞ்சில் இருந்த பிரின்சி இப்போது வாசலில் குனிந்து நுழைந்தாள், தாவணி போட்டிருந்தாள், குரல் மாறியிருந்தது, ஜெனிட்டாவைப் பார்த்தால் கன்னத்தைக் கிள்ளினாள். கிள்ளிய அன்றைக்கு ஜெனிட்டா இருநூறு எண்ணச் சொன்னாள். இறங்கியதும் நாக்கால் அந்தப் பல்லை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே நிற்பாள். மூன்று வருடமாக அது ஆடியது.

போன் வருகிற நாட்களில் பிலோமி மகளைக் கூட்டிப்போக வந்து கிட்டங்கி வாசல்படியில் உட்கார்ந்திருப்பாள். அங்கேதான் சிக்னல் இருந்தது. முதல் வருடம் கஸ்பார், "எவ்வளவு வளந்திருக்கா?" என்று கேட்டபோது அவள் பக்கத்துப் படியில் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் சிவப்பாக வருகிறது என்றும், சமையல் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்றும் அப்போதுதான் அவர் சொல்லியிருந்தார். "என் நெஞ்சுக்கு வந்துட்டா" என்றாள் பிலோமி.

பிறகு தோளுக்கு வந்தாள். அதற்குப் பிறகு பிலோமியின் போன் பேச்சில் வளர்ந்த பெண் நிற்கவே இல்லை. அவளுக்குச் செருப்பு சேரவில்லை, நாலு நம்பரிலிருந்து ஆறுக்குப் போனாள். தாவணி மாம்பழக் கலர் வேண்டும் என்று அடம்பிடித்தாள், மூன்று நாள் அம்மாவோடு பேசவில்லை. பருவம் வந்தாள், பக்கத்து வீட்டு மைனி சடங்குக்குப் புட்டு அவித்துக்கொடுத்தாள். பூ வைத்தால் முடி தாங்கியது. பிலோமி இதையெல்லாம் எங்கேயும் தடுமாறாமல், பார்த்துக்கொண்டே சொல்வதுபோலச் சொல்வாள். ஜெனிட்டா பக்கத்துப் படியில், துப்பாக்கிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். "போட்டோ இந்தப் போன்ல தெரியாதுல்லா" என்று அந்தப் பக்கத்திலிருந்து கஸ்பார் சொல்வது எனக்கே கேட்கும். "வந்து பாருங்க" என்பாள் பிலோமி. துண்டைக் கேள், துண்டைக் கேள் என்று ஜெனிட்டா அம்மாவின் முழங்காலை அமுக்குவாள். பிலோமி கேட்டதில்லை. ஒருமுறை போனை வைத்ததும், "ஏன்மா கேக்க மாட்டேங்கே?" என்றாள் ஜெனிட்டா.

"கேட்டா, நீங்க வராட்டாலும் பரவால்லன்னு சொன்ன மாதிரி ஆயிரும்" என்றாள் பிலோமி.

ஜெனிட்டா கொஞ்சநேரம் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவளுக்கு எந்தச் செருப்பு எடுத்தே? பக்கிள் வச்சதா?" என்று கேட்டாள். "ஆமா, பக்கிள் வச்சது" என்றாள் பிலோமி. இருவரும் எழுந்து பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

மாநிலப் போட்டிக்குப் பத்து நாள் இருந்தபோது ஹபீபுல்லா வந்தார். கஸ்பாரின் கப்பலில் சமையல்காரராக இருந்தவர், நாகூர்க்காரர். உடம்பு மோசமாகி அனுப்பிவிட்டார்கள், சொந்த ஊருக்குப் போய் நாலு நாள் படுத்துவிட்டு நேரே இங்கே வந்திருந்தார். வீட்டைக் கேட்டவரை யாரோ கிட்டங்கியைக் காட்டி அனுப்பியிருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம், பயிற்சி பார்க்க ஊரில் பாதிப் பேர் உள்ளேதான் இருந்தார்கள், நயினாரும் இருந்தார்.

பிலோமி எழுந்து நின்றாள். அவர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நல்லா இருக்காரும்மா. இளைச்சிருக்காரு, வேற ஒண்ணும் இல்ல. கப்பல் விலைக்குப் போவும்னு சொல்றாங்க, அடுத்த வருஷமோ என்னமோ." அவர் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜெனிட்டாவைப் பார்த்துச் சிரித்தார். "சின்னப் பொண்ணா இது? அவரு ஒரு பொண்ணுன்னுதானே சொன்னாரு. பெரியவ எங்கம்மா?"

பிலோமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஜெனிட்டா. துப்பாக்கி சுடுறவ" என்று சொல்லி ஹபீபுல்லா தன் உள்ளங்கையைக் குப்புறப் பிடித்து, பிலோமியின் பக்கத்தில், காற்றில் ஓர் உயரத்தைக் காட்டினார். அது பிலோமியின் காதுக்கு நேராக இருந்தது. "இம்புட்டு இருப்பா. கேபின் இரும்புக் கதவுல சாக்பீஸால கோடு போட்டு வச்சிருக்காரு, ஒவ்வொரு தடவ நீங்க போன்ல சொன்னதும் ஒரு கோடு. நெஞ்சு, தோளு, இப்ப காது. புழுக்கமா இருந்தா ரூம்ல யாரும் இருக்கமாட்டோம், அவரு மட்டும் அந்தக் கோட்டுக்கு முன்னால நின்னு, மேல இப்படிக் கையை வச்சுக்கிட்டு நிப்பாரு. தலையில வச்ச மாதிரி."

ஜெனிட்டா துப்பாக்கியை மேசைமேல் வைத்தாள்.

ஹபீபுல்லா பையைத் திறந்து நீலக் கட்டம்போட்ட கைக்குட்டையை எடுத்துப் பிலோமியிடம் கொடுத்தார். "இந்த உயரத்துக்கு வந்துட்டான்னா மூணு துண்டு போட்டிருக்கணுமாம். நான் கையில வச்சிக்கிட்டுப் பிள்ளைக்குத் தோள் வலிக்க விட்டுட்டேன்னு ரொம்ப வருத்தப்பட்டாரு. மூணையும் போட்டுரச் சொன்னாரு. நாலாவதை அவரே வச்சிருக்காரு. அதை மட்டும் நான் வந்து வைக்கிறேன்னு சொல்லச் சொன்னாரு."

பிலோமி முடிச்சை அவிழ்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பென்சில் எழுத்து மங்கியிருந்தது, மரம் உப்புக் காற்றில் கொஞ்சம் வெளுத்திருந்தது. நயினார் எட்டி வந்து ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் வைத்தார்.

முதலில் பேசியது டீச்சர். "பத்து நாள் பொறு பிலோமி. மேட்ச் முடியட்டும். மூணு வருசம் பொறுத்த பிள்ளைக்குப் பத்து நாள் பெரிசா? இப்பப் போட்டா இவளுக்கு நிக்கவே தெரியாது, எல்லாம் முதல்லருந்து ஆரம்பிக்கணும்."

"டீச்சர் சொல்றது நியாயந்தான்" என்றார் ஒருவர். "தங்கம் உறுதி" என்றார் இன்னொருவர். "வைக்கப் போறதுன்னாலும் கஸ்பார் வந்து பாக்கறப்ப வச்சாத்தான் அழகு" என்று ஒரு பெண் சொன்னாள். அதைத்தான் பிலோமி மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஜெனிட்டாவின் கன்னத்துக்குள் நாக்கு அசைந்துகொண்டிருந்தது. அவள் பார்த்தது துண்டுகளை அல்ல. ஹபீபுல்லா கையைக் காட்டிய இடத்தை, அம்மாவின் காதுக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றுமில்லாத அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிலோமியும் திரும்பி அந்த இடத்தைப் பார்த்தாள்.

"டீச்சர்" என்றாள். "நான் அவியகிட்டக் காதுக்கு வந்துட்டான்னு சொல்லிட்டேன்."

நயினார் தன் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பிலோமி அதை வாங்கிக்கொண்டாள். இரண்டு திருகுகளையும் கழற்றி என் மதிப்பெண் தாள்மேல் வைத்தாள். கட்டையின் அடியைப் பிரித்தாள். ஒன்று என்று எழுதிய துண்டை வைத்தாள். ஜெனிட்டாவின் பத்து விரல்களிலும் நகம் வெளியே வந்தது. இரண்டு என்று எழுதியதை வைத்தாள். பாவாடை முழங்காலுக்கு மேலே போனது, சட்டையின் தோள் முழங்கையிலிருந்து ஏறித் தோளுக்கே வந்தது, செருப்பின் வார் அறுந்து அவள் தரையில் நின்றாள். மூன்று என்று எழுதியதை வைத்து, திருகுகளைப் போட்டு முறுக்க முறுக்க, ஒவ்வொரு முறுக்குக்கும் கொஞ்சமாக, முன்முடி இறங்கிக் கண்ணை மூடி மூக்கைத் தாண்டி முகவாய்க்கு வந்தது, அதற்குமேல் எது கோணல் என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசி முறுக்கில் ஜெனிட்டாவின் தலை பிலோமியின் காதுக்கு நேராக இருந்தது. அங்கே இருந்தவர்களில் சிலர் நாற்காலியை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார்கள். டீச்சர், "சரி, வா, தூக்கிப் பாரு" என்றார், எப்போதும் சொல்வதுபோல.

அவள் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, துப்பாக்கியைத் தூக்கி, கண்ணை மூடித் தோளில் வைத்துத் திறந்தாள். சுட்டாள். நான் அட்டையை எடுத்துவந்து பார்த்தேன். நாலு. அதை எழுதினேன்.

ஜெனிட்டா வாயில் விரலை விட்டு எதையோ எடுத்தாள். உள்ளங்கையில் பல் இருந்தது, அடியில் ஒரு பொட்டு ரத்தத்தோடு. அவள் வெறுங்காலோடு வாசலுக்குப் போனாள்; அந்தக் காலின் நீளம் இன்னும் பழகாததால் படியில் ஒருமுறை தடுக்கி நின்று, கிட்டங்கியின் புதுக் கூரையை அண்ணாந்து பார்த்து, பல்லை அதன்மேல் எறியக் கையைப் பின்னால் வாங்கினாள்.

பிலோமி பின்னாலேயே போய் அந்தக் கையைப் பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பல்லை எடுத்தாள். உள்ளே வந்து நீலக் கட்டம்போட்ட கைக்குட்டையின் நடுவில் அதை வைத்து, இரண்டு முடிச்சுப் போட்டாள். தண்ணீர்ப் படகுக்காரனின் ஆபீஸ் முகவரியை ஹபீபுல்லா சொல்லச் சொல்ல என்னை எழுதச் சொல்லி, தாளை வாங்கி மடித்துக்கொண்டு, தபாலாபீஸ் பூட்டுவதற்குள் போய்ச்சேர வெயிலில் வேகமாக நடந்தாள்.